புழுப்பெட்டி எழிலரசி

எழிலரசி கொண்டை ஊசியின் இரண்டு கால்களையும் ஒரு சிறு கணினிப் போர்டில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பின்களில் செருகுகிறார். ஊசியின் கறுப்புப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டதால் அது பளபளவென்று இருக்கிறது. பிறகு கீபோர்டில் ஆங்கில எழுத்துகளில் அதியமான்கோட்டை என்று தட்டி, என்டரை அழுத்துகிறார். ஒரு பின் வழியாக வெளியே போன ஊர்ப்பெயர் ஊசியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பின் வழியாக உள்ளே வந்து திரையில் நிற்க வேண்டும். நின்றதும் ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்து எண்ணுகிறார். பதினைந்து எழுத்து, என்டரையும் சேர்த்தால் பதினாறு.

“முழுசா வந்துட்டீங்களா? சரிங்க, உக்காருங்க” என்கிறார். போர்டிடம்தான்.

போர்டுகளிடம் எழிலரசி ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். மனிதர்களிடம் அந்த மரியாதை அவ்வளவு கண்டிப்பாக இருக்காது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த லாரி டிரைவரிடம், “தள்ளி நில்லுண்ணா, வெளிச்சத்தை மறைக்கற” என்றதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த நொடியே கையிலிருந்த போர்டைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?” என்றார். லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

கடை அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் பஞ்சர் கடை, இன்னொரு பக்கம் பரோட்டா கடை. பெயர்ப்பலகை கிடையாது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. ‘புழுப்பெட்டி எழிலரசி’ என்றால் இண்டூரிலிருந்து அரூர் வரை தெரியும். முப்பத்தாறு வயது. தர்மபுரியில் டிப்ளமோ படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் போர்டு சோதித்தவர். ஏன் திரும்பி வந்தீர்கள் என்றால், “அங்க ஒரு போர்டைப் பார்க்க நாப்பது செகண்டு குடுத்தாங்க. நாப்பது செகண்டுல யாரு மனசு விட்டுப் பேசுவாங்க?” என்பார்.

புழுப்பெட்டி என்பது புழு வளர்க்கும் மனையின் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சிறு கணினி. மனைக்குள் எவ்வளவு வெப்பம், காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஒரு சென்சார் அளந்து, வரி வரியாகப் பெட்டிக்கு எழுதி அனுப்பும். ஈரம் குறைந்தால் பெட்டி பனித்தூவல் மோட்டாரைப் போடும். கூடினால் நிறுத்தி விசிறியை ஓட்டும். சென்சாரின் வரிகள் உள்ளே வரும் வாசலுக்கு சீரியல் போர்ட் என்று பெயர். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை போல, அதன் வழியாக நுழையும். அந்த வாசலில் நின்று எழுத்துகளை வாங்கி உள்ளே கொடுக்கும் சிறிய நிரல்தான் டிரைவர். எழிலரசியின் வேலையில் பாதி, எந்த வாசலுக்கு எந்த டிரைவர் என்று முடிவு செய்வதுதான்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது, “அதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்காதா?” என்றுதான். கண்டுபிடிக்காது. போர்டு கண் விழித்ததும் அதன் ஃபர்ம்வேர், அதாவது தயாரித்தவர்கள் உள்ளே எழுதி வைத்த முதல் நிரல், ஒரு பட்டியலை நீட்டும். என்னிடம் இந்த இடத்தில் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது, அதன் சில்லு இன்ன வகை, அதன் கடிகாரம் இன்ன வேகம் என்று அதில் இருக்கும். கணினி அந்தப் பட்டியலைப் படித்து, அதில் உள்ள பெயருக்கு எந்த டிரைவர் பொருந்துகிறதோ அதைக் கூப்பிடும். பட்டியலை எழிலரசி ‘சீட்டு’ என்பார்.

“பஸ்ஸு நெத்தியில பேரு எழுதியிருக்குது இல்ல, அந்த மாதிரி. இண்டூர்னு எழுதியிருந்தா இண்டூர் ஆளுங்க ஏறுவாங்க. ஒவ்வொரு ஊரா எறங்கி மண்ணை மோந்து பார்த்துக்கிட்டா இருப்பாங்க?”

சீட்டில் ஒரே சில்லுக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கும். முதலில் அதன் சொந்தப் பெயர், பிறகு அதன் மூத்த உறவுகளின் பெயர். முதல் பெயருக்கு டிரைவர் கிடைத்தால் அதற்கே முதல் உரிமை. கிடைக்காவிட்டால் அடுத்த பெயர். “எக்ஸ்பிரஸ் வரலன்னா டவுன் பஸ்ஸு. ரெண்டும் ஒரே ரோட்டுலதான் போவுது. டவுன் பஸ்ஸு மெதுவா போவும், அவ்வளவுதான்.”

சில சீட்டுகளில் ஒரு போர்ட்டுக்கு எதிரே, இதை ஃபர்ம்வேரே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, தொட வேண்டாம் என்று குறித்திருக்கும். பார்க்கும்போது அந்தப் போர்ட் சும்மாதான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு எடை மேடைக்கு வெளியூரிலிருந்து வந்த மெக்கானிக், காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் தன் டிரைவரை மாட்டிவிட்டார். எடை மேடை அத்தோடு விறைத்து நின்றது. பின்னால் பதினேழு லாரிகள். எழிலரசி போய்ச் சரிசெய்துவிட்டு அந்த மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “பஸ்ஸுல துண்டு போட்ட சீட்டுல உக்காருவியா நீ?”

அவர் முன்னால் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு: மோஸ்ட்லி. “மோஸ்ட்லி ஒயர்தாங்க போயிருக்கும்” என்று யாராவது ஆரம்பித்தால் கையை நீட்டித் தடுத்துவிடுவார். “மோஸ்ட்லின்னா வெளிய போய்ப் பேசிட்டு வா.” டீயை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவார், ஆறி ஆடை கட்டிய பிறகு ஒரே மடக்கில் குடிப்பார். வேலையில் இருக்கும்போது போனை எடுக்கவே மாட்டார். இந்தக் கடைசிப் பழக்கத்தால்தான் வைகாசியில் ஒரு நாள் அவரை அழைத்துவர என்னை வண்டியோடு அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் இண்டூர். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு குள்ளம்மாளுடையது. அவரும் கணவர் கருப்பண்ணனும் நூற்றைம்பது முட்டைப் புழு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். புழுக் கணக்கை இங்கே முட்டை அட்டையில்தான் சொல்வார்கள். நூற்றைம்பது என்றால் மனை முழுக்கப் புழு. பழைய பெட்டி இடி விழுந்து எரிந்துபோனதால் எழிலரசி புதிய போர்டு வைத்துக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருந்தன. இன்னும் மூன்று நான்கு நாளில் கூடு கட்ட வேண்டும். ஆனால் தழையைத் தின்னாமல் சோர்ந்து கிடந்தன. பனித்தூவல் நிற்காமல் அடித்துப் படுக்கையெல்லாம் நனைந்திருந்தது. கையால் நிறுத்தி வைத்தால் தகரக் கூரையின் கீழ் வெப்பம் ஏறியது. கணவனும் மனைவியும் இரண்டு நாளாக மாறி மாறி ஸ்விட்ச் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். போர்டு தயாரித்த கம்பெனிக்குப் போன் செய்ததில் மோஸ்ட்லி சென்சார் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு சென்சார் மாற்றியும் பார்த்தாகிவிட்டது.

மனை வாசலில் சுண்ணாம்புத் தண்ணீரில் கால் நனைத்து எழிலரசி உள்ளே போனதும் கருப்பண்ணன் தொடங்கினார்.

“வாம்மா இஞ்சினியரு. நீ வெச்ச பொட்டி எங்களுக்கு மழைக்காலத்தையே கொண்டாந்துட்டுது.”

“சும்மா இருங்க, அது வந்ததும் வராததுமா” என்றார் குள்ளம்மாள். “எழிலு, ஒரு கூடை புழுவை அள்ளிக் கொட்டிட்டேன் கண்ணு. மீதியாவது நிக்குமா பாரு.”

எழிலரசி லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துத் திரையைப் பார்த்தார். சென்சாரின் வரிகள் வந்துகொண்டிருந்தன. ஈரம் 91. 91. 90. பிறகு திடீரென்று 9. மறுபடி 91. பிறகு வெறும் 1. 9 என்றும் 1 என்றும் வரும்போதெல்லாம் பெட்டி பதறிப்போய் மோட்டாரைப் போட்டது. பனி அடித்தது.

“தர்மபுரியில அக்னி நட்சத்திரத்துலகூட ஒரு சதவீதம் இருக்காதே” என்றார் மெல்ல. “சென்சார் சரியாத்தான் சொல்லுது. வாசல்ல எழுத்து கீழ விழுது.”

சென்சாரைக் கழற்றிவிட்டுக் கொண்டை ஊசியைச் செருகினார். அதியமான்கோட்டை என்று அனுப்பினார். திரும்பி வந்தது ஒன்பது எழுத்து. நடுவில் பல் விழுந்த வாய் போல இருந்தது. மறுபடி அனுப்பினார். பதினொன்று.

ஊசியைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு கருப்பண்ணன் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, தப்பு என்மேலதான். வெக்கிற அன்னிக்கு நான் ஊசி போட்டுப் பார்க்கல. பழைய போர்டும் இதே கம்பெனி. சீட்டு எழுத்துக்கு எழுத்து அதேதான் இருந்துச்சு. தெரிஞ்சவங்கதானேன்னு விட்டுட்டேன்.”

கருப்பண்ணன் நனைந்த தழையை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். “தெரிஞ்சவங்கன்னுதான் பொண்ணையே குடுத்து ஏமாறுறோம். போர்டு எந்த மூலைக்கு” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. முன்பிருந்த கேலி இல்லை.

எழிலரசி அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் செய்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், மோஸ்ட்லி அது வந்து...”

“தம்பி, பதினாறு எழுத்து போட்டா ஒம்பது வருது. உள்ள இருக்கற சில்லு எது?”

“அந்தச் சில்லு மார்க்கெட்ல கெடைக்கல மேடம். இந்தத் தடவை வேற போட்டிருக்கோம். ஆனா கம்பாட்டிபிள்தான்.”

“சீட்டை மாத்துனீங்களா?”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சீட்டு பழசேதான் மேடம்” என்று வந்தது.

விஷயம் இதுதான். பழைய சில்லுக்குப் பதினாறு எழுத்து பிடிக்கும் ஒரு பை உண்டு. டிரைவர் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் எழுத்துகள் பையில் காத்திருக்கும். சீட்டில் அந்தச் சில்லின் பெயர் 16550ஏ என்று எழுதியிருந்தது. புதிய சில்லில் அந்தப் பை ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆனால் சீட்டு பை இருக்கிறது என்று சொன்னதால், பையை நம்பும் டிரைவர் வந்து உட்கார்ந்து, பை நிறையட்டும் என்று காத்திருந்தது. அதற்குள் ஒரு எழுத்தின் மேல் அடுத்த எழுத்து வந்து விழுந்து அழித்தது. முதல் பத்து நாள் இது யாருக்கும் தெரியவில்லை. சின்னப் புழுவுக்கு ஈரம் அதிகமாக இருக்க வேண்டும், அதனால் மோட்டார் அதிகம் ஓடியதை யாரும் குறையாக நினைக்கவில்லை. பெரிய புழுவுக்கு அதே ஈரம் நோய்.

“டிரைவர்ல ஒரு சின்ன டிலே போட்டுக்குங்க மேடம், ஓடிடும்” என்றான் கம்பெனிப் பையன்.

“பொய் சொன்னது சீட்டு. டிரைவரை எதுக்கு அடிக்கறது?” என்றார் எழிலரசி. “இந்தச் சரக்குல எனக்கு எத்தனை போர்டு அனுப்புனீங்க?”

“ரெண்டு மேடம்.”

போனை வைத்துவிட்டார்.

சீட்டைத் திறந்து 16550ஏ என்ற பெயரை நீக்கினார். அந்த இடத்தில் அதன் மூத்த உறவான 16450 என்ற பெயரை எழுதினார். 16450-க்குப் பையே கிடையாது. அதன் டிரைவர் ஒவ்வொரு எழுத்தாகக் கையில் வாங்கும், எதையும் காத்திருக்கவிடாது. பெட்டிக்கு வேலை கூடும். ஆனால் சென்சார் அனுப்புவதோ நொடிக்கு ஒரு வரி. அதற்கு இது தாராளம்.

பெயரை மாற்றிவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். திரையில் எண்கள் ஒழுங்காகத்தான் வர ஆரம்பித்திருந்தன. “அன்னிக்கும் இப்படித்தான் ஒழுங்கா வந்துச்சு” என்றார். மோட்டாரும் விசிறியும் சேர்ந்து ஓடி, பெட்டி திணறும் நேரத்தில் எழுத்து விழாமல் இருந்தால்தான் ஒத்துக்கொள்வாராம்.

“மறுபடி மோட்டாரா?” குள்ளம்மாள் படுக்கைக்குக் குறுக்கே வந்து நின்றார். “வேணாம் கண்ணு. இதுக்கு மேல ஒரு சொட்டு பட்டாலும் தாங்காது.”

“ஓடுனாத்தான் தெரியும்க்கா. ஓட்டாம உட்டுட்டுப் போனா, நாளைக்கு ராத்திரி அதுவே ஓடும்.”

குள்ளம்மாள் படுக்கையை விட்டு நகரவில்லை. கடைசியில் கருப்பண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து பனித்தூவல் குழாயைக் கழற்றினார். அதன் முனையை ஜன்னல் வழியாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, “போடும்மா. மல்பெரிச் செடியாவது குளிச்சுக்கட்டும்” என்றார். மோட்டார் ஓடியது. குழாய் கையில் துள்ளி முதல் வீச்சு அவர் முகத்திலேயே அடித்தது. “ரெண்டு நாளா புழு பட்ட பாடு இப்பத்தான் தெரியுது” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. குள்ளம்மாள் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

விசிறி, மோட்டார், விளக்கு எல்லாம் ஓட, எழிலரசி நூறு அதியமான்கோட்டையை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார். வரிகள் திரையில் அடுக்கிக்கொண்டே போயின. குள்ளம்மாளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனாலும் பக்கத்தில் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே நீட்டா இருக்குது எழிலு. வலப்பக்கம் வரப்பு வெட்டுன மாதிரி நேரா போவுது.”

“அதான்க்கா பார்க்கணும். எங்கயாவது உள்ள வாங்கியிருந்தா சொல்லுங்க.”

இருவரும் மேலிருந்து கீழே அந்த வரப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நூறாவது வரி வரை எங்கும் உள்வாங்கவில்லை.

சென்சாரை மாட்டினார். 91. மோட்டார் அசையவில்லை. விசிறி தானாக ஓடியது. குள்ளம்மாள் படுக்கைகளின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவினார். 89. 86. புதிய தழை வெட்டி வந்து போட்டார்கள். நான்கரை மணிக்கு 76 என்று காட்டியது. தட்டுகளின் ஒரு பக்கத்திலிருந்து கொறிக்கும் சத்தம் மெல்லக் கிளம்பியது. எல்லாத் தட்டிலும் இல்லை. கீழ் அடுக்கில் இரண்டு தட்டுப் புழுக்கள் அசையாமல்தான் இருந்தன. குள்ளம்மாள் அதைப் பார்த்தார், எழிலரசியும் பார்த்தார். “மேல் தட்டு எல்லாம் கூடு கட்ட ஏறிக்கும்” என்றார் குள்ளம்மாள். “கையக் கழுவிட்டு வா, ஒரு வாய் சாப்புடு.”

எழிலரசி சாப்பிடவில்லை. வாசலில் நின்று அந்த இரண்டாவது போர்டு வைத்திருக்கும் கோவிந்தம்மாளுக்குப் போன் செய்தார். அவர் அரூரைத் தாண்டித் தீர்த்தமலை அடிவாரத்தில் புழு வளர்ப்பவர். ஸ்பீக்கர் இல்லாமலே அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

“நல்லாத்தான் இருக்குது எழிலு. புழு இப்பத்தான் மூணாம் தோலு உரிக்குது. மோட்டாரு கொஞ்சம் ஜாஸ்தி ஓடுது, ஓடட்டும். அவ்வளவு தூரம் எதுக்கு அலைஞ்சுக்கிட்டு? அடுத்த வாரம் வா.”

“சரிங்க” என்று வைத்துவிட்டார்.

லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அதியமான்கோட்டைக்குத் திரும்பும் இடம் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்து வண்டியைச் சாய்த்தேன். பின்னாலிருந்து அவர் கை என் தோளுக்கு மேலாக நீண்டது. நேராக, அரூர் போகும் சாலையைக் காட்டியபடி, நான் வண்டியை நிமிர்த்தும்வரை அந்தக் கை இறங்கவில்லை.